மூன்று விநாடி

சின்னக் கம்ப்யூட்டர் போர்டு ஒன்றில், அதைக் கிளப்பிவிடும் நிரலான பூட்லோடரைப் புதிதாக ஏற்றினேன். அப்போதிலிருந்து போர்டு கிளம்பவே மறுத்தது. கரண்ட் கொடுத்ததும் திரையில் மூன்று, இரண்டு என்று எண்ணும். அதற்குள் ஏதாவது ஒரு கீயை அமுக்கினால் அப்படியே நின்றுவிடும். அப்படி நிறுத்திப் பார்ப்பது அக்காவின் பழக்கம். போன மாதம் அவள் தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று அவள் புருஷன், என் மச்சான்தான் சொன்னார்.

கீபோர்டின் வயரைக் கழற்றிவிட்டேன். அப்போதும் இரண்டில் நின்றது. ஸ்பேஸ் பார் தானாக அமுங்கியிருந்தது.

மச்சான் வந்து பார்த்தார். முகம் மாறவில்லை. "காத்திருக்கிற நேரத்த ஜீரோ ஆக்கிடு. அவகாசம் குடுத்தாத்தானே அமுக்குவா."

ஆக்கினேன். போர்டு நிற்காமல் கிளம்பியது. ஸ்பேஸ் பார் மட்டும் விடாமல் அமுங்கி அமுங்கி எழுந்தது. மச்சான் கீபோர்டை டிராயரில் போட்டுப் பூட்டினார். உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது.

"கொஞ்ச நேரம் தட்டுவா, அப்புறம் ஓஞ்சிடுவா," என்றார். "அன்னைக்கும் அப்படித்தான்."