நம்பிராஜனின் தூக்கம்

“நேத்தும் பொட்டுத் தூக்கம் இல்லதானே?” காப்பி டம்ளரை நீட்டியபடி அனுசியா கேட்டாள்.

நம்பிராஜன் சிவந்த கண்களைத் தேய்த்துக்கொண்டு, நன்றாகத் தூங்கியதாகச் சொன்னார். பொய். விடிகாலையில் அவள் புரண்டு படுத்தபோது, அவர் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார்.

இருபத்தாறு வருடம் ராணுவத்தில் இருந்தவர். விடுப்பில் வருவார், போவார். ஓய்வு பெற்று மேலகரம் வீட்டுக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. வந்த கொஞ்ச நாளிலேயே தூக்கம் போய்விட்டது. பனிமலையில் எத்தனை ராத்திரி கண்விழித்தாரோ, என்னென்ன பார்த்தாரோ என்று அனுசியா நினைத்து நினைத்து மருகுவாள். கேட்டால் ஒன்றுமில்லை என்று சிரிப்பார்.

கடைசியில் அவள் படுக்கையறையின் மேல்தான் பழியைப் போட்டாள். சீசன் நேரம், குற்றாலத்துக்குப் போகிற வண்டிகளின் வெளிச்சம் ராத்திரி முழுக்கச் சுவரில் ஓடியது. கட்டிலை ஜன்னல் பக்கமிருந்து உள்சுவருக்கு நகர்த்தினாள். கனத்த நீலத் திரைச்சீலை வாங்கி மாட்டினாள். டிவி கூடத்துக்குப் போனது. இருவர் செல்போனும் ராத்திரி அடுப்படியில் கிடந்தன. இன்வெர்ட்டரில் எரிந்த பச்சைப் பொட்டின் மேல்கூட ஒரு காகிதத்தை ஒட்டினாள்.

அவர் மறுப்பே சொல்லவில்லை. கட்டிலின் மறுமுனையைப் பிடித்து நகர்த்தியதே அவர்தான்.

அப்புறம் மெத்தை. பனிமலையில் கம்பளிக்குள் தூங்கிப் பழகிய உடம்புக்கு ஃபோம் மெத்தை எப்படி ஒத்துக்கொள்ளும்? தென்காசியில் மெத்தைக்கடை வைத்திருக்கும் முகம்மது ரபீக்கிடம் போய்க் கம்பளி மெத்தை கேட்டாள். கேட்டுவிட்டு அவளுக்கே சந்தேகம் வந்தது.

“நம்ம ஊரு வெக்கைக்குக் கம்பளி தாங்குமா பாய்?”

“குளிருக்கு மட்டும்னு நினைக்காதீங்கக்கா. ஆட்டு ரோமம் வேர்வைய உறிஞ்சி வெளிய விட்டுரும். வெக்கையும் அடிக்காது, சில்லுன்னும் ஆவாது. ஒரு நாள் படுத்துப் பாத்துட்டுச் சொல்லுங்க.”

கம்பளி மெத்தையும் மெல்லிய கம்பளிப் போர்வையும் வந்து சேர்ந்தன. அன்று சாயங்காலமே சாரல் பிடித்துக்கொண்டது. மலையிலிருந்து இறங்கிய காற்று திரைச்சீலையை மெதுவாக ஊதிவிட்டுப் போனது. மெத்தையிலிருந்து லேசாக, வெயிலில் காய்ந்த புல்லின் வாசம் வந்தது. அவருக்காகப் போட்ட படுக்கையில் அனுசியாதான் முதலில் தூங்கிப்போனாள். தூக்கத்தில் அருவிக்குள் நடந்தாள். தண்ணீர் நனைக்கவில்லை, புகையாக வழிந்து, அவளைச் சுற்றி மெத்தென்று படிந்தது. கீழே, இன்னும் கீழே, சத்தமே இல்லாத பச்சை ஆழத்துக்குள் போய்க்கொண்டே இருந்தாள். அங்கிருந்து திரும்பி வர மனசே இல்லை.

காலையில் விழித்தபோது, நம்பிராஜன் போர்வையை மடியில் சுருட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மெத்தை ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார். அவளுக்கு அழுகை வந்தது.

பகலில் தூங்கினால் ராத்திரித் தூக்கம் கெடும் என்று யாரோ சொன்னார்கள். அவள் சமைத்துக்கொண்டிருக்கும்போது அவர் நாற்காலியிலேயே அசந்துவிடுவது உண்டு. அந்த நாற்காலியையும் மாடிக்கு ஏற்றினாள். அதற்கும் அவர்தான் ஒரு கை பிடித்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஆய்க்குடி கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, பைக் ஓட்டிக்கொண்டே ஒரு நொடி கண்ணயர்ந்தார். வண்டி சாலையை விட்டு வயலுக்குள் இறங்கிச் சரிந்தது. சேறு காப்பாற்றியது, முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று. அவர் பதறி எழுந்து அவள் கை கால்களையெல்லாம் தடவிப் பார்த்தார். அவளோ இனி ஒரு நாளும் பொறுப்பதில்லை என்று முடிவு செய்தாள்.

மறுநாள் தென்காசியில் டாக்டர் காளீஸ்வரியின் முன்னால் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். திரைச்சீலை, மெத்தை, நாற்காலி, வயல் எல்லாவற்றையும் அனுசியா ஒரே மூச்சில் ஒப்பித்தாள். தூக்க மாத்திரையாவது எழுதிக்கொடுக்கச் சொல்லிக் கெஞ்சினாள். டாக்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு நம்பிராஜன் பக்கம் திரும்பினார். படுத்தால் எவ்வளவு நேரத்தில் தூக்கம் வருகிறது என்று கேட்டார்.

நம்பிராஜன் தயங்கினார்.

“உடனே வரும் டாக்டர். அந்த மெத்தையில தலைய வச்சா ஆளையே அமுக்குது. நான்தான் தூங்குததில்ல.”

அனுசியாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை மாதம் அவள் பட்ட பாடெல்லாம் கண்முன் வந்தது.

“அப்பம் எதுக்கு இப்படி முழிச்சுக் கிடந்து சாகுதிய?”

அவர் அவளைப் பார்க்காமல், டாக்டரிடம் தணிந்த குரலில் சொன்னார்:

“தூங்கும்போது இவளுக்கு மூச்சு நின்னு போவுது டாக்டர். ராத்திரிக்கு இருபது தடவ, முப்பது தடவ. தோளத் தட்டுனா திரும்ப வந்துருது. சொன்னா பயந்துக்கிட்டு இவ தூங்கமாட்டா. நானும் தூங்கிட்டா, தட்டுததுக்கு ஆள் வேணும்லா?”

டாக்டர் பேனாவைத் திறந்து, அனுசியாவின் பெயரையும் வயதையும் கேட்டார்.