பத்துக்கு நாலு

மகளின் பையில் கிடந்த தாளைப் பார்த்ததும் அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேற்று அவள் எழுதிய அறிவியல் பரீட்சையின் கேள்வித்தாள். அச்சடித்திருந்த பத்துக் கேள்விகளுக்கு அடியில் டீச்சரின் கையெழுத்து, போன வாரத் தேதியோடு!

மகளை இழுத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள்.

“ஒரு வாரம் முன்னாடியே பேப்பர் இவ கைக்கு எப்படி வந்துச்சு டீச்சர்? இன்னும் யாருக்கெல்லாம் குடுத்தீங்க?”

டீச்சர் பதறவில்லை. திருத்திய விடைத்தாளை எடுத்துக் காட்டினாள். பத்துக்கு நாலு.

“நான் குடுக்கலைங்க. இந்த வகுப்புல அவங்கவங்க கேள்வித்தாளை அவங்கவங்களேதான் தயார் பண்ணணும். இது போன வாரம் உங்க பொண்ணு போட்ட கேள்விங்க. நான் அச்சடிச்சுக் கையெழுத்து மட்டும்தான் போட்டேன்.”

அம்மா மகள் பக்கம் திரும்பினாள்.

“நீயே கேள்வி போட்டும் நாலுதானாடி?”

“தெரிஞ்சதை யாராவது கேப்பாங்களாம்மா? போன வாரம் பத்துமே தெரியாது. இப்போ நாலு தெரியுதே!”