திராட்சைச் சாற்றுக் கடவுள்

மேடையில் பத்துப் பதினைந்து பேர் வட்டமாக நின்றார்கள், கூடலூர் பஸ்ஸுக்கு நிற்பதுபோல.

பழைய கிரேக்க நாட்டில் ஐம்பது பேர் பலிபீடத்தைச் சுற்றி, சாமி வந்தவர்கள்போல ஆடிப் பாடிய மதுக்கடவுள் துதிதான் நிகழ்ச்சி. குன்னூரில் கிடைத்தது இவ்வளவு பேர்தான். மற்றவர்களுக்கு அரியர்.

கல்லூரி ஆண்டு விழா. சற்று முன்பு இதே மேடையில்தான் போதை ஒழிப்பு உறுதிமொழி எடுத்திருந்தார்கள். அதனால் பாட்டில் ‘மது’ வந்த இடமெல்லாம் ‘திராட்சைச் சாறு’ என்று முதல்வர் திருத்திக் கொடுத்திருந்தார்.

“பரவசம் வேணும்ப்பா, பரவசம்!” திரைக்குப் பின்னாலிருந்து பல்லைக் கடித்தார் பேராசிரியர் கீர்த்திவாசன். “நெசமாவே சாறு குடிச்சவனாட்டம் நிக்காதீங்க!”

மைக்கைப் பிடித்துப் பாட்டை எடுத்துக்கொடுக்கும் சசிதரனுக்குப் பரவசம் வரவில்லை. கண்ணெல்லாம் அரங்கத்து வாசலில் இருந்தது.

அப்பா வீரையா தேவாலா எஸ்டேட்டில் பெரிய ஆபீசர் என்று ஹாஸ்டல் முழுக்கச் சொல்லிவைத்திருந்தான். வீரையா அங்கே தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். வெட்டாத நேரத்தில் குடிக்கிறவர். குடியை விட்டால் உடம்பு ஆடுகிறது, ஆடாமல் இருக்கத்தான் குடிக்கிறேன் என்பது அவர் கட்சி.

“வர்றதா இருந்தா குடிக்காம வாங்க,” என்று போனில் சொல்லியிருந்தான் சசிதரன். வராதீர்கள் என்பதை அதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

“சரி மகன்.”

இப்போது வாசலில் வீரையா.

புதுச் சட்டை. கை ஆடியது, தலை ஆடியது. நாற்காலிகளைப் பிடித்துப் பிடித்து நடந்து மேடைவரை வந்துவிட்டார்.

பேராசிரியரின் ஏற்பாடாக இருக்கும் என்று நினைத்து, வட்டத்தில் நின்ற ரஞ்சனி கைகொடுத்து மேலே ஏற்றிவிட்டாள்.

அட்டைப் பலிபீடத்தின் பக்கத்தில் நின்று வீரையா உச்சி முதல் பாதம் வரை ஆடினார். வட்டமும் அவரைப் பார்த்து ஆடத் தொடங்கியது. அரங்கமே விசிலடித்தது.

“இதுதாம்ப்பா! இதைத்தான் சொன்னேன்!” மேடைக்கே ஓடிவந்த கீர்த்திவாசனுக்குக் கண் கலங்கியிருந்தது. “ஆமா, யாரு இவரு?”

சசிதரன் கையில் மைக் இருந்தது.

“யாரோ குடிகாரன் சார்.”

விசில் கூடியது.

வாட்ச்மேன் ஆறுக்குட்டி வந்து ஒரு கையைப் பிடித்தார். ஆளுக்கு உதவுகிற நல்ல பிள்ளையாக மறு கையைச் சசிதரன் பிடித்துக்கொண்டான். பிறந்ததிலிருந்து பழகிய வாடைக்குப் பயந்து மூச்சை அடக்கினான்.

கதவுவரைதான் அடக்க முடிந்தது.

ஏலக்காய். புதுத் துணியின் கஞ்சி. வேறொன்றுமில்லை.

“ஏனுங்க, பட்டப்பகல்லயே குடிச்சுப்போட்டுப் பசங்க படிக்கிற எடத்துக்கு வர்லாமுங்களா?” என்றார் ஆறுக்குட்டி.

வீரையா சசிதரனை ஒரு தடவை பார்த்தார்.

“தம்பி சொன்னது சரிதான் ஐயா. நல்லாக் குடிச்சிருக்கேன்.”