பல்லாவரத்தில் நின்ற புள்ளி

2025 மே 12 அன்று விடியற்காலையில் ஊரப்பாக்கத்தில் ஏகாம்பரம் காலமானார். மின்மயானத்தில் நான்கு மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். பெங்களூரிலிருந்து மகள் மங்கை மட்டும் வரவேண்டியிருந்தது. சென்னையில் மின்ரயில் ஏறும்போது அண்ணி மேகலாவிடம் பேசினாள். பேச்சின் நடுவிலேயே சார்ஜ் தீர்ந்து அவள் போன் அணைந்துவிட்டது. அதன்பிறகு மேகலா தன் போனில் ரயில் செயலியைத் திறந்துவைத்து, நீலப் புள்ளி எந்த ஸ்டேஷனைத் தாண்டுகிறது என்று வீட்டாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பல்லாவரத்தில் புள்ளி நின்றுவிட்டது.

"அந்த ரயிலு அங்கயே குடித்தனம் வெச்சிருச்சா?" என்றார் பெரிய மாமா. "நேரம் தவறுனா நாளைக்குத்தான் எடுப்பான். தூக்குங்கப்பா."

"கொஞ்சம் பொறுங்க மாமா. பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வர முடியாது. அவ இங்கதான் முகம் பாக்கணும்."

"சரி, இப்ப எங்கம்மா வருது?"

மேகலாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "பல்லாவரம்தான்" என்றாள்.

உடலை ஏற்றிய வண்டி தெருமுனை திரும்பியதும் பெண்கள் கூடத்தைக் கழுவத் தொடங்கினார்கள். மேகலா மறுபடி போனைப் பார்த்தாள். புள்ளிக்கு மேலே ஒரு குறுஞ்செய்தி வந்து கிடந்தது. காலையிலிருந்து கண்ணீர் அஞ்சலிப் படத்தை ஊருக்கெல்லாம் அனுப்பியதில் அன்றைய டேட்டா தீர்ந்திருந்தது.

வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

"நல்லவேளை, டிரெயின் நேரத்துக்கு வந்துடுச்சு அண்ணி" என்றபடியே மங்கை செருப்பை உதறிவிட்டு ஓடிவந்தாள். "அப்பாவ எங்க வெச்சிருக்கீங்க?"

கூடத்தில் கடைசி வாளித் தண்ணீரை அப்போதுதான் ஊற்றியிருந்தார்கள்.