மந்திரியின் அளவுக்கு ஒரு வீடு

அலமாரியில் ஒரு மந்திரி பொம்மை இருந்தார். சுட்ட மண், சாண் உயரம். மீசைக்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. அவருக்கு ஒரு பொம்மை வீடு வந்து சேர்ந்தது, பலகை பலகையாக, ஒட்டிக்கொள்ள வேண்டிய வீடு. ஆனால் அவரைப்போல் இரண்டு மடங்கு உயரமுள்ள பொம்மைகளுக்காகச் செய்தது.

"கவலைப்படாதீங்க ஐயா, எல்லாத்தையும் பாதியாக்கிடறேன்" என்றது வீட்டோடு வந்த ரம்பம்.

பாதியாக்கிய மேஜை கச்சிதமாக அவர் இடுப்புக்கு வந்தது. அதுதான் மந்திரிக்குப் பிடிக்கவில்லை. எல்லாம் கச்சிதமாக இருந்தால், அவர் பெரிய ஆள் என்று பார்க்கிறவனுக்கு எப்படித் தெரியும்?

"இன்னும் வெட்டு" என்றார். மேஜை முழங்காலுக்கு இறங்கியது.

"வாசல், ஐயா?"

"என் தோள் உசரம் போதும். வர்றவன் குனிஞ்சு வரட்டும்."

மந்திரி நடுவில் நின்று அதட்டிக்கொண்டிருக்க, சுற்றிலும் சுவர் எழும்பியது. கூரையும் ஏறியது. பசை காய்ந்தது. கூரை தலைப்பாகையை உரசியதில் அவருக்குப் பெருமை தாங்கவில்லை.

அந்த நேரம் பார்த்து, மேல்தட்டு ராஜா பொம்மை சபை கூட்டி மந்திரிக்கு ஆளனுப்பினார். மந்திரி விறுவிறுவென்று வாசலுக்கு வந்தார். நிலை கழுத்தில் இடித்தது. குனியலாமென்றால், சுட்ட மண் எங்கே வளையும்?

"வாசலை உசத்திடட்டுமா ஐயா?" என்று ரம்பம் வெளியிலிருந்து கேட்டது.

ஜன்னலில் மீசை மட்டும் தெரிந்தது.

"தொடாதே! மந்திரி இனிமே யாரையும் தேடிப் போறதில்லைன்னு ராஜாகிட்ட போய்ச் சொல்லு."

கீழ்த்தட்டுப் பொம்மைகள் வாயைப் பிளந்தன.

"அடேயப்பா, எவ்வளவு பெரிய மனுஷன்!"