மழையில் கரைந்த துரியோதனன்

பாரதப் போர் மார்கழியில்தான் முடிந்தது என்று கணிப்பொறி நாள் குறித்துவிட்டது. சித்திரையில் நடந்துவந்த பாரதக் கூத்தும் அரசு உத்தரவுப்படி மார்கழிக்கு மாறியது.

கடைசி நாள் காலை, பீமன் வேஷத்தில் ஏகாம்பரம் கதாயுதத்தோடு களத்துக்கு வந்தார். களிமண்ணில் செய்து கிடத்தியிருந்த துரியோதனன் மழையில் கரைந்து ஓடியிருந்தான். அடிக்கத் தொடை இல்லை.

திரௌபதி வேஷத்தில் பூங்காவனம் தலைவிரி கோலமாக நின்றாள். பீமன் அந்தத் தொடையைப் பிளந்த பிறகே கூந்தல் முடிவேன் என்று காப்புக் கட்டிக்கொண்டவள்.

"அவன்தான் செத்துட்டானே, முடிஞ்சுக்கோ தங்கச்சி. தையில உன் பொண்ணு கல்யாணம்."

"நீ கொல்லலியே அண்ணே. மழையா சபதம் போட்டுச்சு?"

"நிஜத் தேதி இதுதானாம் தங்கச்சி."

அவள் கூந்தலில் வழிந்த நீரைப் பிழிந்தாள்.

"சித்திரையில வந்து கொல்லு. கல்யாணத்த வைகாசியில வெச்சுக்கறேன்."