மூன்றாவது அடுக்குக்குப் பிறகு

"மூணாவது அடுக்கு முடிஞ்சதும் கால் மணி நேரம் எதுக்குச் சும்மா உக்காரணும், பாக் மருலி? இரும்புக்குத் தூக்கம் வருதா?"

இந்தோனேசியாவின் பாத்தாம் தீவில் உள்ள கப்பல் கட்டும் தளத்துக்கு வந்திருந்த புதிய பொறியாளர் ரிசால்டி சிரித்தான். அங்கே மரியாதையாக ஆண்களை 'பாக்' என்றும் பெண்களை 'இபு' என்றும் அழைப்பார்கள். வெல்டர் மருலி கையுறையை மாட்டிக்கொண்டார்.

அடுக்கடுக்காக உருக்கி ஒட்டும் அந்த வெல்டிங் முறை எழுதப்பட்டபோது சோதனைத் தகட்டை ஒட்டியவர் மருலிதான். அவர் செய்ததை, மூன்றாவது அடுக்குக்குப் பின் விட்ட கால் மணி நேர இடைவெளி உட்பட, செய்தபடியே குறித்துக்கொண்டவர் தரப் பரிசோதகரான யுஸ்னி என்ற பெண். தகட்டை வளைத்துப் பார்த்தார்கள். விரிசல் இல்லை. அன்று முதல் அதுவே தளத்தின் சட்டம்.

ஒவ்வொரு முறையும் மூன்றாவது அடுக்கு முடிந்ததும் யுஸ்னி வெப்பமானியோடு வருவார். எதிரில் முக்காலி போட்டு உட்காருவார். இருவரும் தகட்டையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு, "சரி, ஆரம்பிங்க" என்பார். அவ்வளவுதான் பேச்சு. மருலிக்கு அந்த நாள் அதற்காகவே விடிந்தது போலிருக்கும்.

இன்று, இடைவெளி இல்லாத புது முறைக்குச் சோதனை. விரிசல் விட்டால் பழைய முறையே நீடிக்கும்.

"இபு, கொஞ்சம் கவனிங்க. உக்கார்ற சுகம் போயிடுமேன்னு பாக் மருலி வேணும்னே கெடுத்துடப் போறார்!" என்றான் ரிசால்டி.

"அவர் கைக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்றார் யுஸ்னி.

உருகிய இரும்பின் மேல் படியும் கசடைத் துளி உள்ளே விட்டாலே போதும், விரிசல் விடும். சுத்தியலை எடுத்தபோது மருலியின் கை ஒரு கணம் நின்றது. பிறகு ஒவ்வொரு அடுக்கிலும் கசடைச் சுத்தமாகத் தட்டி எடுத்தார்.

ஒட்டிய தகட்டை அறுத்த துண்டுகளை எந்திரம் அழுத்தியது. லாடம் போல வளைந்தன. மயிரிழை விரிசல்கூட இல்லை.

"கால் மணி நேரம் ஒழிஞ்சது!" ரிசால்டி அலுவலகத்துக்கு ஓடினான்.

மருலி வளைந்த துண்டைக் கையிலேயே வைத்திருந்தார்.

"இனிமே நீங்க வர வேண்டியதில்ல, இபு."

"வேண்டியதில்ல."

தூரத்தில் கிரேன் ஒன்று நகர்ந்து நின்றது.

"அந்தக் கால் மணி நேரம் முதல் நாளே வேண்டியிருக்கல" என்றார் யுஸ்னி. "வெப்பமானியில பார்த்தேன். இரும்பு அப்பவே ஆறித்தான் இருந்துச்சு."

"பின்ன ஏன் அதை எழுதினீங்க?"

"அன்னைக்கு மூணாவது அடுக்கு முடிச்சதும் கையுறையைக் கழட்டிட்டு என்கிட்ட என்னமோ சொல்ல வாயெடுத்தீங்க. கால் மணி நேரம் காத்திருந்தேன். சொல்லல. அடுத்த தடவையாவது சொல்லுவீங்கன்னு எழுதி வெச்சேன்."